கூலி என்று காதில் விழுந்தது

உ

அன்பு மகள் புஸ்பராணிக்கு அம்மா பெருமாயி எழுதிக்கொள்வது. முருகன் துணையால் நீ அங்கே காய்ச்சல் தலையிடி ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, நடமாட்டமாகத்தான் இருக்கிறேன். பத்து நாளாக விடாத மழை, தோட்டத்து மேக்கணக்கில் இரண்டு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்பக்கம் மண் சரிந்து ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள், யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பக்கம் பயம் இல்லை, நீ டீவியில் பார்த்துப் பதறாதே. உன் மகள் சுலக்சனா கம்பசில் இருந்து போன கிழமை வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனாள். மெலிந்திருக்கிறாள், ஆனால் வாய் மட்டும் மெலியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம், அந்தக் குவைத்துக்காரர் புது ஒப்பந்தத் தாளைத் தந்தால் கையெழுத்துப் போடாதே, என் கடிதம் வருகிறது என்று மட்டும் சொன்னேன். நீ ஏன்மா ஏன்மா என்று மூன்று தரம் கேட்டாய். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின மாதம், இன்னும் இரண்டு வருசம் இருந்துவிட்டு வா என்று உன்னைக் கேட்டவளும் நான்தான். அன்றைக்கு நீ, "சரிம்மா, ஒங்களுக்கு அவசியம்னா இருக்கேன்" என்று சொன்னாய். கார்த்திகையோடு தவணை முடிகிறது, பெட்டி கூட வாங்கி வைத்துவிட்டேன் என்று முதல் நாள்தான் சொல்லியிருந்தாய். என்ன அவசியம் என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அந்தச் சரிம்மாவைக் கேட்ட நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மகளே. போன் படத்தில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது, அதனால் தாளில் எழுதுகிறேன். எதிர் வீட்டுக் கபூர் நானாவின் மருமகன் வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார், அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும், அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தவளும் நான்தான்.

போன வருசம் ஆடியில் ஊர்ச் சபையில் இருந்து வீடு அளக்க ஒரு சிங்கள ஐயா, மாத்தயா, வந்தார். கையில் நாடாவும் புத்தகமும் வைத்திருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், முன் அறைக்கு நீ போட்ட டைலைக் குனிந்து தடவிப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இந்தக் கடைவீதியில் தோட்டத்து ஆள் ஒருத்தி சொந்தமாக வாங்கின முதல் வீடு இதுதான் என்று அவருக்குத் தெரியட்டும் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்து, பிளேன்டீயும் கித்துல் கருப்பட்டியும் கொடுத்தேன். போகும்போது புத்தகத்தைத் திறந்துகொண்டு, "மே கெதரட்ட குலிய கீயக் எனவாத?" என்று கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாதா, முப்பத்திரண்டு வருசம் ரப்பர் பால் வெட்டின மலையில் கங்காணியோடும் கணக்கப்பிள்ளையோடும் சிங்களத்தில் சண்டை பிடித்தவள் நான். ஆனாலும் அந்தக் குலிய என்ற ஒரு சொல் என் காதில் கூலி என்றுதான் விழுந்தது. இந்த வீட்டுக்குக் கூலி எவ்வளவு வருகிறது என்று கேட்கிறார் என்று நினைத்தேன். என் டைலை மிதித்துக்கொண்டு, என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இன்னமும் நம்மைக் கூலி ஆள் என்கிறாரே என்று உள்ளே சுருக்கென்றது. அவர் வாடகை எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறார் மகளே. சிங்களத்தில் குலிய என்றால் வாடகையாம். லயத்தில் பிறந்து லயத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வாடகை என்ற சொல் எந்தப் பாசையிலும் தேவைப்பட்டது இல்லையே. மாத்தயா என்ன கேட்டீர்கள் என்று இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குச் சிங்களம் வராது என்று நினைத்துவிடுவாரே என்று கேட்கவில்லை. நிமிர்ந்து நின்று, "மாசெட்ட ஹெட்டதாஹக் எனவா மாத்தயா" என்று சொன்னேன், மாசம் அறுபதாயிரம் வருகிறது என்று. நீ அனுப்புவது முப்பத்தைந்து. மீதி இருபத்தைந்தையும் என் வாய்தான் சம்பாதித்தது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். அந்தப் பார்வையை நான் மரியாதை என்று நினைத்தேன்.

ஐப்பசியில் சபையில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எழுத்தெல்லாம் பொடி எழுத்து. எண் மட்டும் எனக்கு விளங்கியது, ஏழு இலட்சத்து இருபதாயிரம். அரசாங்கமே நம் வீட்டுக்கு ஏழு இலட்சம் பெறுமதி போட்டு அனுப்பியிருக்கிறது என்று நினைத்து, அதை மடித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் நாலு பேரிடம் காட்டினேன். வீடு வாங்கின விலை அதைவிட எத்தனையோ மடங்கு என்பது கூட அப்போது மண்டையில் ஏறவில்லை, எண்ணைப் பார்த்த சந்தோசம். அந்தத் தாளில்தான், இந்தக் கணக்குப் பிழை என்றால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்று போட்டிருந்திருக்கிறது. அந்த ஒரு மாதமும் அது என் கைப்பையில் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

பிறகு தையில் பில் வந்தது. முப்பத்தாறாயிரம் என்று இருந்தது. தோட்டத்தில் எல்லாமே மாசக் கணக்குத்தானே, சங்கத்துச் சந்தா, கோயில் காசு, வண்ணான் காசு என்று எல்லாவற்றையும் சம்பளச் செக்ரோலில் மாசாமாசம் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் தருவார்கள். அதே பழக்கத்தில் இதையும் மாசத்துக்கு முப்பத்தாறாயிரம் என்று நினைத்துவிட்டேன். நீ அனுப்புவது முழுவதையும் கொடுத்தாலும் ஆயிரம் குறைகிறதே, யாரிடம் சொல்வேன். சுலக்சனாவிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிசத்தில் படித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் அம்மாயிக்கு எல்லாம் தெரியும், நீ உன் படிப்பைப் பார் என்று அவளிடம் நான்தானே சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறேன். தாளை அரிசி டின்னுக்குள் வைத்து மூடினேன். மூடினால் அது அடங்கிவிடுமா, ஆவணியில் சிவப்பு எழுத்தில் இன்னொன்று வந்தது. அது வந்த மறுநாள்தான் உன்னை இரண்டு வருசம் இருக்கச் சொன்னேன். வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன்னைத்தான் விலை பேசியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சபை ஆள் வாரண்டோடு வந்தார். முன் அறையில் நின்று பிரிட்ஜ், டீவி, உன் தையல் மெசின் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதினார், பதினான்கு நாளில் கட்டாவிட்டால் ஏற்றிக்கொண்டு போவோம் என்றார். குணமாகத்தான் பேசினார், பாவம், அவர் வேலை அது. ஆனால் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எதிர் வீட்டில் இருந்து கபூர் நானாவின் மனைவி பஸீஹா ஓடி வந்து, என் கையில் இருந்த தாளை வாங்கிப் படித்தாள். "யா அல்லாஹ், பெருமாயி அக்கா, இது சோலைவரி! எங்கட ஊட்டுக்கு வருசம் நாலாயிரத்தி எறநூறு. ஒங்களுக்கு முப்பத்தாறாயிரம் போட்டீக்கி. மாசம் அறுவதாயிரம் வாடகை வாற ஊடாம்! அப்பிடி ஒரு வாடகை வாறதெண்டா நாங்க ஊட்டக் குடுத்துட்டு ரோட்டுல பாய் போட்டுப் படுப்பமே" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சோலைவரி என்றாலும் விளங்கவில்லை, நம்மிடம் சோலை எங்கே இருக்கிறது, பின்னால் ஒரு பப்பாசி மரம்தானே நிற்கிறது என்று கேட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டு வரிக்குத்தான் அந்தப் பெயராம், மரத்துக்கு இல்லையாம். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பேருலயே பெருமைய வெச்சிக்கொண்டா கேக்க எங்க வாய் வரும், நாளைக்கி நானே ஒங்களக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போறேன்" என்று சொன்னாள். அவள் சிரித்ததற்கு நீ கோபப்படாதே, அன்றைக்கு அவள் வந்திராவிட்டால் நான் இன்னும் டின்னை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

மறுநாள் சபைக் கந்தோருக்குப் போனோம், அந்த ஆபீசில் வரிப் பகுதியில் ஏரம்பமூர்த்தி என்று ஒரு ஐயா இருக்கிறார், யாழ்ப்பாணத்துப் பக்கம், தமிழில் பேசலாம். நான் போனதும் போகாததுமாக, எங்களை ஏமாற்றிப் போட்டார்கள் என்று சத்தம் போட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, வந்தவர் உங்களிட்ட என்ன கேட்டவர், நீங்கள் என்ன சொன்னனீங்கள்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். கூலி என்றதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "அவர் கூலி கேக்கேல்லையம்மா. குலிய. வாடகை" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார், பால் வெட்டுக் கத்தி அறுத்த தழும்பு விரல் முழுக்க இருக்கிறது அல்லவா, அதைப் பார்த்துவிட்டு அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ என்று சொன்னார்.

அவர் விளக்கினதை நீயும் தெரிந்துகொள், வீட்டு உறுதிப் பத்திரம் உன் பெயரில் இருப்பதால் இது உன் காரியம். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வருசத்துக்கு எவ்வளவு வரும் என்று ஒரு பெறுமதி போடுவார்களாம், அதில் நூற்றுக்கு இத்தனை என்று வரி, நம் பக்கத்துக்கு ஐந்து. அறுபதாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கித்தான் ஏழு இலட்சத்து இருபதாயிரம் வந்திருக்கிறது, அதற்கு ஐந்து வீதம்தான் முப்பத்தாறாயிரம், அதுவும் மாசத்துக்கு இல்லை, வருசத்துக்கு. வருசத்துக்கு என்று அவர் சொன்னபோது இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டேன். பஸீஹா தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நாலு பாகமாகவும் கட்டலாமாம், காலாண்டு தொடங்கின முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து குறைப்பார்களாம், ஜனவரிக்குள் முழு வருசத்துக்கும் கட்டினால் பத்து குறைப்பார்களாம். இது எல்லாம் பில்லின் பின்பக்கத்திலேயே அச்சடித்து இருக்கிறது, தமிழில் கூட இருக்கிறது. நான் தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பிழை என்று சொல்ல வேண்டிய ஒரு மாதம் போய்விட்டதால் இந்த வருசத்தை அவரால் மாற்ற முடியாதாம். ஆனால் வீட்டுக்காரி நடந்ததை எழுதி மனுக் கொடுத்தால் மறுபடி அளந்து வருகிற வருசத்துக்குப் பெறுமதியைத் திருத்தச் சபையில் வைக்கலாமாம். நான் உறுதி சொல்லமாட்டன் அம்மா, வைப்பம், பாப்பம் என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது, பெரிசாக வாக்குக் கொடுக்கிற ஆட்களை எனக்கு இப்போது பயம், நானே அப்படிப்பட்ட ஆளாக இருந்துவிட்டேனே. பாக்கியைத் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்து முதல் தவணையும் கட்டிவிட்டேன், நீ அனுப்பினதில் ஒதுக்கி வைத்தது இருந்தது. வாரண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தையல் மெசின் வீட்டில்தான் இருக்கிறது, யாரும் தொடமாட்டார்கள். மனுவை இதோடு வைத்திருக்கிறேன்.

வருமானம் இல்லாதவர்களுக்கு ஊர் அதிகாரி விதானையார் கடிதம் கொடுத்தால் சபை யோசித்து ஏதாவது குறைக்கலாம் என்றும் சொன்னார். வறிய குடும்பம் என்று கடிதமா, அது மட்டும் வேண்டாம் ஐயா, நாங்க பிச்சைக்கு வரலீங்க என்று எழுந்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பெருமையை வீட்டிலை வச்சிட்டு வாங்கோ அம்மா, இது கந்தோர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மனுவை நிரப்பத் தொடங்கினார்.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்கு எழுத முடியாதது. மனுவில் உரிமையாளரின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் என்ன வேலை என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேர், அதில் நாகேஸ்வரி டீச்சரும் நின்றார். புஸ்பம், நீ குவைத்தில் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாய் என்றுதான் இந்த ஊரில் எல்லாரிடமும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். வீடு வாங்கி வந்த முதல் கிழமையே சொன்னேன், ஏழு வருசமாக அதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன். நீ லீவில் வந்தபோது கோயிலில் டீச்சர் உன்னிடம் பிரஷரைப் பற்றிக் கேட்டாரே, ஏன் என்னிடம் கேட்கிறார் என்று நீ வீட்டுக்கு வந்து கேட்டாய், நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். கூலி என்ற சொல்லைக் கேட்டதற்கே சுருக்கென்று போனவள், உன் கூலியை ஏழு வருசம் மறைத்துவைத்திருக்கிறேன். ஐயாவிடம் வாய்க்குள்ளே சொன்னேன். கேக்கேல்லை அம்மா, பலமாச் சொல்லுங்கோ என்றார். "வீட்டு வேலைங்க ஐயா. சமைக்கிறது, கழுவுறது, ஒரு வயசான அம்மாவத் தூக்கிக் குளிப்பாட்டுறது. கூலி வேலைதாங்க" என்று பலமாகச் சொன்னேன். பின்னால் டீச்சர், நர்ஸ் எண்டெல்லோ சொன்னனீங்கள் என்றார். நான் திரும்பி, "நான் சொன்னது பொய்ங்க டீச்சர். அவ வெக்கப்படல, நான்தான் வெக்கப்பட்டேன்" என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தன் பில்லைப் பார்த்துக்கொண்டார். அடுத்த கட்டத்தில் வீடு வந்த விதம் என்று கேட்டிருந்தது, மகள் உழைத்த கூலியில் வாங்கினது என்று எழுதச் சொன்னேன். கொள்வனவு எண்டு போட்டால் காணும் அம்மா என்றார். இல்லைங்க, நான் சொன்னதையே எழுதுங்க என்று பிடிவாதமாக நின்று எழுதவைத்தேன். நீ அதைப் படித்துப் பார், பிடிக்காவிட்டால் வெட்டிவிடு, அது உன் உழைப்பு, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மறுநாளே விதானையாரிடமும் போய்விட்டேன், அந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்கினேன். அவர் நல்ல மனுசன், வறிய என்று போடாமல், முதிய தாய், வேறு வருமானம் இல்லை, மகள் அனுப்புவதில் சீவிக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். உள்ளதுதானே. சுலக்சனா வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மாயி, வெளங்கலன்னா வெளங்கலன்னு சொல்றதுக்கு என்ன வரியா கேக்குறாங்க?" என்று கேட்டாள். இவள் யாருடைய பேத்தி என்று தெரியவில்லை.

ஆகையால் மகளே, இரண்டு வருசம் இருக்கச் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சபை பெறுமதியைக் குறைத்தாலும் சரி, குறைக்காவிட்டாலும் சரி, அது வருசத்துக்கு வருகிற காசு, உன் இரண்டு வருசத்துக்கு ஈடாகாது. முன் அறையை வாடகைக்கு விடலாம் என்று பஸீஹா சொல்கிறாள், நீ வந்து சரி என்றால் பார்ப்போம், டைலில் யார் நடந்தால் என்ன. உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், கோபத்தோடயே வா. போனில் திட்டு, நான் சிக்னல் இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கே அந்த வயசான அம்மாவைத் தனியாகத் தூக்காதே, இடுப்புப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள். குளிர்சாதனத்துக்கு நேரே படுக்காதே. கபூர் நானாவின் மருமகன் கையில் மாசிக் கருவாடும் வறுத்த மிளகாய்த்தூளும் கொடுத்திருக்கிறேன், அவருக்கும் கொஞ்சம் கொடுத்துவிடு.

முருகன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் நீ வீடு வந்து சேர வேண்டும், சுலக்சனா பட்டம் வாங்குவதை நீ முன் வரிசையில் இருந்து பார்க்க வேண்டும். மறந்துவிடாதே, குவைத்துக்காரர் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது, மனுவில் மட்டும் போட்டு, உன் பாஸ்போட் பிரதியோடு சபைக்கு அனுப்பு. மனுவில் பிழை நேர்ந்த காரணம் என்ற இடத்தை மூர்த்தி ஐயா உனக்காக வெறுமையாக விட்டிருக்கிறார். தாயாருக்குச் சிங்களம் விளங்கவில்லை என்று எழுதினால் போதும் என்றார். நீ அப்படி எழுதாதே புஸ்பம். விளங்காதது ஒரு சொல்தான், அதைக் கேட்டிருந்தால் அவரே சொல்லித் தந்திருப்பார். தாயார் கேட்கக் கூச்சப்பட்டு, கூட்டிச் சொன்னார் என்று எழுது. நீ எழுதப் போகிறதற்குக் கீழே நான் முன்னமே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
க. பெருமாயி